பவர்பிரெப் ஆன்லைன்: இரண்டு இலவசத் தேர்வுகளை வீணாக்காதீர்கள்

முதுகலைப் படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வை நடத்தும் இடிஎஸ் நிறுவனமே தரும் மாதிரித் தேர்வு பவர்பிரெப் ஆன்லைன். இரண்டு முழுத் தேர்வுகள் இலவசம். பவர்பிரெப் பிளஸ் என்ற வகைக்குக் கட்டணம் உண்டு. 'இன்றைக்கே எழுதினால் எவ்வளவு வரும்?' என்ற கேள்விக்கு, மற்ற எந்த மாதிரித் தேர்வையும்விட இதன் மதிப்பெண்ணைத்தான் நம்பலாம்.

காரணம், அசல் தேர்வைப் போலவே இதுவும் உங்கள் முதல் செக்‌ஷனைப் பார்த்து இரண்டாவதன் கடினத்தை முடிவு செய்கிறது. கணிதப் பகுதியான குவான்டில் முதலில் 12 கேள்விக்கு 21 நிமிடம், பிறகு 15 கேள்விக்கு 26. மொழிப் பகுதியான வெர்பலில் 12க்கு 18, 15க்கு 23. நடுவே போனை எடுத்து ஒரு சூத்திரத்தைப் பார்த்தால், உங்கள் தகுதிக்கு மீறிய இரண்டாம் செக்‌ஷன் வந்து நிற்கும். கடைசியில் திரையில் தெரியும் எண் எதற்கும் உதவாது. 2023 செப்டம்பர் 22 முதல் தேர்வு 1 மணி 58 நிமிடம்தான், இடைவேளை கிடையாது. கட்டுரைக்கான 30 நிமிடத்தையும் சேர்த்து ஒரே அமர்வில் எழுதுங்கள். கட்டுரையைத் தாண்டிப் போகிறவர்கள் களைப்பில்லாத மூளையின் மதிப்பெண்ணைப் பார்த்து ஏமாறுகிறார்கள்.

இன்னொரு பலன், திரை கைக்குப் பழகுவது. வட்டம் இருந்தால் ஒரு விடை. சதுரம் இருந்தால் ஒன்றுக்கு மேல் இருக்கலாம், எல்லாம் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். இதைக் கவனிக்காமல் இழக்கும் மதிப்பெண் அநியாயம். கால்குலேட்டரில் நாலு கணக்கும் வர்க்கமூலமும்தான் உண்டு. 1 + 2 × 4 என்று போட்டால் பெருக்கலை முதலில் முடித்து 9 காட்டும். எட்டு இலக்கத்தைத் தாண்டினால் பிழை என்று வரும். ஒவ்வொரு சிறு பெருக்கலுக்கும் அதைத் திறந்தால் ஒரு கேள்விக்குக் கிடைக்கும் ஒன்றே முக்கால் நிமிடம் கரைந்துவிடும். கட்டுரைப் பெட்டியில் எழுத்துப்பிழை திருத்தி இல்லை.

குறை பெரியதுதான்: இலவசத் தேர்வில் விடைக்கு விளக்கம் இல்லை, கட்டுரைக்கு மதிப்பெண்ணும் இல்லை. பிளஸில் இரண்டும் உண்டு. ஆனாலும், தவறுகளை நீங்களே அலசத் தயாரில்லை என்றால் பிளஸ் வாங்கியும் பயனில்லை. தவறிய ஒவ்வொரு கேள்வியையும் கடிகாரம் இல்லாமல் மறுபடி போடுங்கள். இப்போது வந்துவிட்டால் குறை வேகத்தில். அப்போதும் வராவிட்டால் பாடத்தில். ஊகித்துச் சரியானவற்றையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை என்பதால் எதையும் காலியாக விடக்கூடாது. ஆனால் ஊகம் பலித்ததைத் தெரிந்ததாகக் கணக்கு வைத்துவிடக்கூடாது.

முதல் தேர்வை இயற்கணிதம், விகிதம், புள்ளியியல் அடிப்படைகளை ஒருமுறை புரட்டிய பிறகு எழுதுங்கள். எதுவும் படிக்காமல் எழுதினால் மறந்துபோன சூத்திரங்களின் பட்டியல்தான் மிஞ்சும். இரண்டாவதை அசல் தேர்வுக்குப் பத்து நாள் முன்பு வரை தொடாதீர்கள். அதே தேர்வை மறுபடி எழுதி மதிப்பெண் ஏறியது என்று மகிழ வேண்டாம், அது ஞாபகசக்தி. அசல் தேர்வை வீட்டிலிருந்து எழுதப் போகிறவர்களுக்குச் சாதாரணத் தாள் அனுமதி இல்லை. மாதிரித் தேர்விலும் சிறிய வெள்ளைப் பலகையும் அழிக்கக்கூடிய மார்க்கரும் வைத்தே கணக்குப் போடுங்கள்.