எஞ்சின் அறையை வீட்டிலேயே கழுவுவது: தோட்டப் பாதையில் ஓடும் கார்களுக்கு நீண்ட நாள் கைகொடுத்தவை, கைவிட்டவை

மலேசியாவில் செம்பனையை முதன்முதலில் வணிகப் பயிராக 1917இல் நட்ட தென்னமரம் தோட்டம் சிலாங்கூர் மாநிலத்தின் பத்தாங் பெர்ஜுந்தையில்தான் இருக்கிறது. பெயர்ப்பலகையில் இப்போது பெஸ்தாரி ஜெயா என்று போட்டிருந்தாலும் பேச்சில் பழைய பெயர்தான். இந்த வட்டாரத்தில் ஓடும் கார் மைவியோ சாகாவோ, பொனட்டைத் திறந்தால் கண்ணில் படுவது ஒன்றுதான்: செம்பனைக் குலை ஏற்றும் லோரி கிளப்பிய செம்மண் புழுதி, கசிந்த எண்ணெயோடு சேர்ந்து பிசினாக இறுகிக் கிடக்கும். இடுக்குகளில் காய்ந்த இலை. பேட்டரிக்குப் பக்கத்தில் எலிப் புழுக்கை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தண்ணீர் கலந்து அடிக்கும் டிகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் திரவம்), 2 லிட்டர் கைப்பம்பு, இரண்டு மூன்று அளவுகளில் பிரஷ், நாலைந்து பிளாஸ்டிக் பைகள். ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தினாலும் இவற்றால் கெடுதல் வந்ததில்லை. மண்ணெண்ணெய், டீசல், ஹைபிரஷர் பம்பு மூன்றையும் இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம்.

மண்ணெண்ணெய் பிசினை நொடியில் கரைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ரப்பர் குழாய்களை ஊத வைக்கும். போன இடத்தில் மெல்லிய பசையை விட்டுவிடும். அடுத்த வாரமே அதன்மேல் செம்மண் முன்பைவிடக் கெட்டியாக ஒட்டும். தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. ஹைபிரஷர் பம்போ, வயர் கனெக்டரின் ரப்பர் சீலைத் தாண்டித் தண்ணீரை உள்ளே தள்ளும், ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளை மடக்கும். கெட்டது அன்றைக்கே தெரியாது. மாதம் கழித்து கனெக்டருக்குள் பச்சை பூத்த பிறகுதான் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும்.

டிகிரீசர் வாங்கும்போது லேபிளில் அலுமினியத்துக்குப் பாதுகாப்பானதா என்று பாருங்கள். சோடியம் ஹைட்ராக்சைடு சேர்ந்த கடுமையான வகை அலுமினியத்தை அரித்து வெள்ளைத் திட்டாக்கிவிடும். அது அழுக்கல்ல, தேய்த்தாலும் போகாது. கலவைக்கு லேபிள் சொல்வதே கணக்கு. பொதுவாகப் புழுதிக்கு 1 பங்குக்கு 10 பங்கு தண்ணீரும், எண்ணெய்ப் பிசினுக்கு 1க்கு 4ம் போதும். 500 மில்லி பாட்டிலில் 1க்கு 4 என்றால் 100 மில்லி டிகிரீசர், 400 மில்லி தண்ணீர். கூடுதலாக ஊற்றினால் கூடுதலாகச் சுத்தமாகாது. அலசும் வேலைதான் கூடும். கைப்பம்பு புதிதாக வாங்கியதாக இருக்கட்டும். களைக்கொல்லி அடித்த பம்பை எத்தனை முறை கழுவினாலும் இதற்கு வேண்டாம்.

எலி வந்துபோன அடையாளம் இருந்தால் அதுதான் முதல் வேலை. செம்பனைத் தோட்டங்களில் எலியைப் பிடிக்கக் கூகைக்குக் கூண்டு கட்டி வைக்கிறார்கள், நம் பொனட்டுக்குள் கூகை வராதே! எலி மூத்திரத்தால் பரவும் எலிக்காய்ச்சலை இந்த நாட்டில் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடாதீர்கள், காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்கவோ ப்ளோவரால் ஊதவோ கூடாது. 1 பங்கு பிளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, 5 நிமிடம் விட்டு, காகிதத் துண்டால் அள்ளி, பையில் கட்டிப் போடுங்கள். பிறகு அந்த இடத்தை வெறும் ஈரத்துணியால் துடையுங்கள், பிளீச் தங்கினால் உலோகத்தை அரிக்கும். வேறு எந்தக் கிளீனரோடும் அதைக் கலக்கக் கூடாது. கடித்த வயர் கண்ணில் பட்டால் அன்றைக்குத் தண்ணீர் வேலையே வேண்டாம், முதலில் போர்மேனிடம் (கார் மெக்கானிக்கிடம்) போங்கள்.

கழுவ ஏற்ற நேரம் காலை. மத்தியானத்துக்குமேல் மழை பிடித்தால் எஞ்சின் அறை காய வழியில்லை. வண்டியை நிறுத்தி ஒரு மணி நேரமாவது ஆக வேண்டும்; எஞ்சினின் மேல்மூடியில் உள்ளங்கையை வைத்து நிம்மதியாக எடுக்க முடிய வேண்டும். எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் எக்சாஸ்ட் மேனிஃபோல்ட் சூடாக இருக்கும்போது குளிர்ந்த நீர் பட்டால் வார்ப்பிரும்பு விரிசல் விடலாம், ஆக்சிஜன் சென்சாருக்குள் இருக்கும் பீங்கானும் வெடிக்கலாம். சாவி பையில் இருக்கட்டும். சில கார்களில் எஞ்சின் நின்ற பிறகும் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுற்றும்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள், பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் போதும். முனையில் வெள்ளை பூத்திருந்தால் ஒரு கப் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேயுங்கள். நுரை அடங்கியதும் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பின் லேசாக வாசலின் தடவலாம். கரைசல் பேட்டரிக்குள் இறங்கக் கூடாது.

பிளாஸ்டிக் பையால் மூட வேண்டியவை: பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், ஏர் ஃபில்டர் பெட்டியின் வாய், ஃபியூஸ் பெட்டி, ஸ்பார்க் பிளக் மேல் உட்காரும் காயில்கள். காரியம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான் என்பதால் அவசரப்படாதீர்கள். ஆல்டர்னேட்டரின் காற்றுத் துளை வழியாக டிகிரீசர் போனால் பேரிங் கிரீஸைக் கரைத்துவிடும், சில வாரத்தில் கீச்சென்று கத்தத் தொடங்கும். பிளக் குழியில் தேங்கும் தண்ணீர் காயிலின் மின்சாரத்தைத் திருப்பிவிடும், எஞ்சின் உதறும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த பழைய சாகா, கஞ்சில் போன்றவற்றில் மூடிக்குள் ஈரம் போனால் ஸ்டார்ட்டே ஆகாது. ஹைபிரிட் காரில் உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிற வயர் போகும் பகுதியில் ஈரத்துணி போதும், பம்பு வேண்டாம்.

அடுத்தது உலர் வேலை. வைப்பருக்கு அடியில் உள்ள பள்ளத்தில் சேரும் இலைகளைக் கையாலேயே அள்ளுங்கள். அங்கே வடிகால் அடைத்தால் மழைத்தண்ணீர் காருக்குள் இறங்கும். புழுதியைக் காய்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். இந்த ஒரு வேலையிலேயே பாதிச் செம்மண் போய்விடும். அதுவரை தண்ணீர் படாததால் சேறாகாது.

இப்போது டிகிரீசர். கீழிருந்து மேலாக அடித்து 3 முதல் 5 நிமிடம் விட்டு, பிசின் இருக்கும் இடத்தில் மட்டும் பிரஷால் தேயுங்கள். காய விட்டால் கறை தங்கும், வெயிலில் நிறுத்திக்கொண்டு செய்யாதீர்கள். அலசக் கைப்பம்பில் வெறும் தண்ணீரைப் பூந்தூறலாக அடியுங்கள். ஹோஸ் பிடித்தாலும் சின்னத் தூறல் மட்டும். பொனட்டின் அடியில் இருக்கும் பஞ்சு மெத்தையை நனைக்காதீர்கள், கனமாகித் தொங்கிவிடும். அடியில் கந்தைத் துணி விரித்து எண்ணெய் நீரை உறிஞ்ச வைத்தால் வாசல் கால்வாய்க்குப் போகாது.

மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி, இடுக்குகளை ப்ளோவரால் ஊதி, பைகளை எடுத்து, பேட்டரியை மாட்டுங்கள். பொனட்டைத் திறந்தபடி 10 முதல் 15 நிமிடம் எஞ்சினை ஓட விடுங்கள். உதறினாலோ எஞ்சின் விளக்கு சிமிட்டினாலோ உடனே அணைத்துவிடுங்கள். அப்படியே ஓட்டினால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைப் பழுதாக்கும். காயில்களைக் கழற்றிக் குழியைக் காற்றால் உலர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பளபளப்புக்குச் சிலிக்கோன் ஸ்ப்ரே அடிப்பது பலருக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது. எண்ணெய்ப்பசையோடு மின்னும், புழுதியைக் கூவி அழைக்கும். நீர் அடிப்படையிலான டிரெஸ்ஸிங்கை (பளபளப்புப் பூச்சை) பஞ்சில் தொட்டு பிளாஸ்டிக்கிலும் குழாயிலும் மட்டும் தடவினால் போதும். பெல்ட்டில் ஒரு துளி பட்டாலும் வழுக்கி அலறும்.

ஆண்டுக்கு இருமுறை இந்த முழு வேலை, மாதம் ஒருமுறை உலர் பிரஷ். அதற்குமேல் தேவையில்லை. கழுவும் முன் போனில் படம் எடுத்து வையுங்கள். கழுவிய பின் 200 அல்லது 300 கிலோமீட்டர் ஓட்டி, டார்ச் அடித்து அதே இடங்களைப் பாருங்கள். புதிதாக ஈரம் எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் கசிவு. வால்வு கவர் விளிம்பில் தொடங்கினால் அந்தக் கேஸ்கட் மாற்றுவது சின்ன வேலை, படத்தோடு போர்மேனிடம் போனால் எஞ்சினையே இறக்க வேண்டும் என்ற பேச்சு எழாது.