ட்ராக்கிங் டொமைன் போட நேம்சர்வரைக் கேட்டால் கொடுக்காதீர்கள்

மதுரை விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடை. சிங்கப்பூர், மலேசியா வாடிக்கையாளர்களுக்குப் புதுச் சரக்கின் படத்தோடு மெயில் அனுப்புவது வழக்கம். சித்திரைத் திருவிழாச் சலுகைக்கு முன்னால் டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஆள் ஒருவர் வந்தார். மெயிலில் உள்ள லிங்க் எல்லாம் கடைப் பெயரிலேயே வரும், ஸ்பேமுக்கே போகாது என்றார். பில்லில் மூன்று வரி: ட்ராக்கிங் டொமைன் (யார் தட்டினார்கள் என்று எண்ண, மெயிலின் லிங்க்குகள் சுற்றிப் போகும் முகவரி) ஆண்டுக் கட்டணம், எஸ்எஸ்எல் (லிங்க் பாதுகாப்பாகத் திறக்க வேண்டிய சான்றிதழ்) ஆண்டுக் கட்டணம், டிஎன்எஸ் (டொமைன் பெயரின் வெப்சைட், மெயில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பட்டியல்) பராமரிப்பு. மூன்றுக்கும் சேர்த்து உண்மையான வேலை, டிஎன்எஸ்ஸில் ஒரு வரி எழுதுவதுதான். அதை மட்டும் அவர் செய்யவில்லை.

டொமைன் வாங்கிய கணக்கின் பாஸ்வேர்டை வாங்கி, அந்த டிஎன்எஸ் பட்டியலை வைத்திருக்கும் நேம்சர்வரையே தன் பக்கம் மாற்றிக்கொண்டார். பல்பு மாட்ட வந்தவர் ஈபி மீட்டரைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்ட கதை. நேம்சர்வர் மாறினால் பழைய டிஎன்எஸ் வரிகள் தாமாகக் கூட வராது, ஒவ்வொன்றாகத் திரும்ப எழுத வேண்டும். வெப்சைட் இருக்கும் ஐபி எண்ணைச் சொல்லும் ஏ ரெக்கார்டை எழுதியவர், மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸை விட்டுவிட்டார். எம்எக்ஸ் இல்லையென்றால் அனுப்பும் சர்வர் ஏ ரெக்கார்டில் உள்ள ஐபிக்கே மெயிலைக் கொண்டுபோகும். அந்த ஹோஸ்டிங்கில் அதே பெயரில் பழைய மெயில்பாக்ஸ் ஒன்று கிடந்ததால் ஆர்டர் மெயில்கள் பவுன்ஸ்கூட ஆகாமல், அதாவது அனுப்பியவருக்கே திரும்பாமல், அதற்குள் போய் விழுந்தன. அனுப்பியவருக்குச் சந்தேகமில்லை, கடைக்காரருக்குத் தகவலில்லை. பவுன்ஸ் ஆகியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

லிங்க்கும் கடைப் பெயரில் வரவில்லை. அந்த ஆள் தன் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் ஓட்டிக்கொண்டிருந்த ஒரே பொது டொமைன் வழியாகத்தான் போனது. அதே டொமைனில் சூதாட்ட விளம்பர மெயிலும் போயிருக்கிறது. ஸ்பாம்ஹாஸ் டிபிஎல் போன்ற ஸ்பேம் தடைப் பட்டியல்கள் அனுப்பும் ஐபியைப் பார்ப்பதில்லை, டொமைன் பெயரைப் பார்க்கின்றன. பெயர் பட்டியலில் ஏறிவிட்டால் அந்த லிங்க் உள்ள எந்த மெயிலும், யார் அனுப்பினாலும், சந்தேகக் கணக்கில்தான் சேரும். மெயிலுக்குள் சேலைப் படம் இருந்து என்ன பயன்?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். உங்கள் டொமைனுக்கு 'லிங்க்' என்றோ 'கிளிக்' என்றோ ஒரு சப்டொமைன் பெயர் (டொமைனுக்கு முன்னால் புள்ளியோடு வருவது) வையுங்கள். அதற்குக் காசு கிடையாது. டிஎன்எஸ் பக்கத்தில் சி-நேம் ரெக்கார்டு (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குக் காட்டும் வரி) ஒன்று சேர்த்து, மதிப்பாக நீங்கள் மொத்தமாக மெயில் அனுப்பும் சேவை கொடுக்கும் ஹோஸ்ட் பெயரைப் போட்டு, டிடிஎல் (மற்ற சர்வர்கள் இதை எத்தனை நொடி நினைவில் வைக்கலாம் என்பது) 3600 வைத்தால் போதும். பெயர்க் கட்டத்தில் 'லிங்க்' மட்டும் எழுதுங்கள். முழுப் பெயரையும் எழுதினால் சில பேனல்கள் டொமைனை இன்னொரு தடவை ஒட்டிவிடும், வெரிஃபை ஆகவே ஆகாது. அதே சப்டொமைன் பெயரில் ஏ, டிஎக்ஸ்டி என்று வேறு ரெக்கார்டு இருக்கக் கூடாது, சி-நேம் தனியாகத்தான் இருக்கும். வெறும் டொமைனிலோ, டபிள்யூடபிள்யூடபிள்யூ பெயரிலோ இதைப் போடவே போடாதீர்கள், வெப்சைட் போய்விடும். உங்கள் டிஎன்எஸ் கிளவுட்ஃபிளேர் சேவையில் இருந்தால் அந்த வரிக்குப் பக்கத்திலுள்ள ஆரஞ்சு மேகத்தைச் சாம்பல் நிறமாக்க வேண்டும், மெயில் சேவை வேறு மாதிரி சொல்லியிருந்தால் ஒழிய.

எஸ்எஸ்எல் தனி விஷயம். சி-நேம் வேலை செய்தாலும் அந்தச் சப்டொமைன் பெயருக்குச் சான்றிதழ் இல்லையென்றால் லிங்க்கைத் தட்டியதும் போனில் எச்சரிக்கைப் பக்கம்தான் வரும். பெரும்பாலான சேவைகள் லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற இடத்திலிருந்து இலவசமாகவே எடுத்துத் தருகின்றன. சிலவற்றில் அமைப்புகளில் போய் நீங்களே ஆன் செய்ய வேண்டும். அதற்கு ஆண்டுக் கட்டணம் கேட்டால் எந்தச் சான்றிதழ், யார் வழங்கியது என்று கேளுங்கள். சான்றிதழ் கிடைக்காமல் இழுத்தால் உங்கள் டொமைனில் சிஏஏ ரெக்கார்டு (எந்த நிறுவனம் சான்றிதழ் தரலாம் என்று சொல்லும் வரி) இருக்கிறதா என்று பாருங்கள். அதில் வேறு நிறுவனத்தை மட்டும் அனுமதித்திருந்தால் இங்கே மறுப்பார்கள்.

சரிபார்க்க ஆள் தேவையில்லை. உங்கள் ஜிமெயிலுக்கே சோதனை மெயில் அனுப்பி, போனில் லிங்க்கை அழுத்திப் பிடித்தால் எந்தப் பெயர் என்று தெரியும். கம்ப்யூட்டரில் 'ஷோ ஒரிஜினல்' திறந்து எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் (மெயில் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்துதானா என்று பார்க்கும் சோதனைகள்) மூன்றும் பாஸ் ஆகிறதா என்று பாருங்கள். ஸ்பேமுக்குப் போகாமல் இருக்க முதலில் வேண்டியது அவைதான். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில், நாளுக்கு 5000 மெயிலுக்கு மேல் அனுப்புவோரிடம் மூன்றையும் கட்டாயமாகக் கேட்கிறது, ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்றும் சொல்கிறது. ட்ராக்கிங் டொமைன் மட்டும் போட்டால் இன்பாக்ஸ் நிச்சயம் என்பது விற்பனைப் பேச்சு.

'இத்தனை சதவீதம் திறந்திருக்கிறார்கள்' என்று காட்டும் ரிப்போர்ட்டிலும் மயங்க வேண்டாம். மெயிலிலுள்ள படம் இறங்கியதை வைத்துத்தான் அந்தக் கணக்கு. 2021 முதல் ஆப்பிள் மெயிலின் தனியுரிமை வசதி, ஆள் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது, அதுவும் 'திறந்தது' கணக்கில் வரும். மெயில் போய்ச் சேர்ந்த சில நொடிகளில் எல்லா லிங்க்கும் வரிசையாகக் கிளிக் ஆகியிருந்தால் அது பெரும்பாலும் ஆள் அல்ல, மெயிலைச் சோதிக்கும் செக்யூரிட்டி ஃபில்டர்.

சேவையை விட்டு விலகும்போது சி-நேமை உடனே அழித்தால் பழைய மெயில்களின் லிங்க் எல்லாம் செத்துவிடும், கொஞ்ச நாள் விட்டு வையுங்கள். ஆனால் கணக்கை மூடிவிட்டு சி-நேமை அப்படியே விடுவது அதைவிட மோசம். சில சேவைகளில் வேறொருவர் அந்தப் பெயரைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டு உங்கள் பெயரிலேயே போலிப் பக்கம் காட்ட முடியும். முதலில் சி-நேமை அழியுங்கள், பிறகு கணக்கை மூடுங்கள்.

டொமைனையே தன் பெயரில் பதிந்துகொண்ட ஆட்களும் உண்டு. டாட் இன் பெயரென்றால், அந்தப் பெயர்களை நிர்வகிக்கும் நிக்சியின் ஐஎன்டிஆர்பி என்ற தகராறுத் தீர்வு வழி இருக்கிறது, ஆனால் கட்டணம் கட்டி, அந்தப் பெயரின் மேல் உங்களுக்குள்ள உரிமையையும் காட்ட வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் 'வணிக நோக்கம்' என்று எதிர்த்தரப்பு வாதிடும். பெரிய கடைக்கு அங்கே வெல்வது கஷ்டம். அதனால் வேலை கொடுப்பதற்கு முன்பே ரெஜிஸ்ட்ரார் கணக்கு, அதாவது டொமைன் வாங்கிய கணக்கு, யார் மெயிலில், யார் போன் எண்ணில் இருக்கிறது என்று பாருங்கள். அந்த மெயில் இதே டொமைனில் இருக்க வேண்டாம். டிஎன்எஸ் போனால் பாஸ்வேர்டை மீட்கும் மெயிலும் வராது.