ஷையான் பாட்டம்ஸ் சதுப்பில் என் 150-600 லென்ஸ்: ஆறு ஆண்டு அனுபவம்

என்னிடமுள்ள 150-600 மி.மீ. ஜூம் லென்ஸுக்கு ஆறு வயதாகிறது. அதில் எடுத்த படங்களில் பெரும்பகுதி ஒரே இடத்தில் எடுத்தவை: அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், கிரேட் பெண்ட் என்ற சிறுநகரத்துக்கு வடகிழக்கே உள்ள ஷையான் பாட்டம்ஸ் சதுப்பு நிலம். விச்சிட்டாவில் வசிக்கும் எனக்கு அது இரண்டு மணி நேரப் பயணம். வாங்கிய முதல் வாரத்தில் கேட்டிருந்தால் லென்ஸின் கூர்மையையும் எடையையும் பற்றிச் சொல்லியிருப்பேன். இன்று முதலில் நினைவுக்கு வருவது தண்ணீரின் ஆழம். ஏன் என்று, கடந்த மே மாதம் அங்கே கழித்த ஒரு நாளை வைத்தே சொல்கிறேன்.

புல்வெளிக்கு நடுவே தாம்பாளம் போலத் தாழ்ந்து கிடக்கும் 41,000 ஏக்கர் பள்ளம் அது. ஏறக்குறைய பாதி மாநில வனவிலங்குத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. கரை எழுப்பி, மதகு வைத்து, பெரிய குளங்களாகப் பிரித்து நீரைக் கையாளுகிறார்கள். 1988இல் உலக முக்கியத்துவமுள்ள சதுப்பு நிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. தென் அமெரிக்காவிலிருந்து ஆர்க்டிக் நோக்கிப் போகும் உள்ளான்கள் வசந்தத்தில் இங்கே இறங்கி, சேற்றில் நெளியும் சிவப்புப் புழுக்களைத் தின்று உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. தென் அமெரிக்காவின் தென்கோடியான தியர்ரா டெல் ஃபுயேகோ வரை போய்த் திரும்பும் ஒரு சிற்றுள்ளானின் எடை 40 கிராம் அளவே. இவ்வளவு சிறிய உடல் இவ்வளவு தூரம் பறப்பதற்கு இந்தச் சேறுதான் சோறு போடுகிறது என்பதை நினைக்காமல் என்னால் அங்கே ஒரு படமும் எடுக்க முடிவதில்லை.

கிரேட் பெண்டில் இரவு தங்கி, ஐந்து மணிக்குக் கிளம்பினேன். கரைகளின் மேல் சரளைச் சாலை ஓடுகிறது. காரை விட்டு இறங்கினால் அரைக் குளம் பறவைகள் எழும்பிவிடும். உள்ளேயே இருந்தால் அவை பொருட்படுத்துவதில்லை. அதனால் கார்தான் என் மறைவிடம். முக்காலியை இரண்டாம் ஆண்டோடு விட்டுவிட்டேன். பயறு நிரப்பிய துணிப்பையை ஜன்னல் விளிம்பில் போட்டு, அதன்மேல் லென்ஸைக் கிடத்திவிட்டால் இரண்டு கிலோ எடை கைக்குத் தெரியாது. இஞ்சினை அணைத்தே ஆக வேண்டும். குளிர்ந்த காலையில் ஹீட்டரும் கூடாது: உள்ளிருக்கும் வெப்பக் காற்று ஜன்னல் வழியே வெளியேறும்போது படம் குழைந்துவிடுகிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஓராண்டு பிடித்தது.

ஆறரை மணி வெளிச்சத்தில் வில்சன் ஃபலரோப்புகள் என்ற சிறு நீர்ப்பறவைகள் தண்ணீரில் பம்பரமாய்ச் சுழன்றுகொண்டிருந்தன. அந்தச் சுழற்சியில் அடியிலிருந்து மேலெழும் பூச்சிகளைக் கொத்துகின்றன. இவற்றில் பெண்ணுக்குத்தான் பளிச்சென்ற நிறம், ஆண்தான் அடைகாக்கிறது. மிக நெருக்கிக் காட்டும் 600 முனையில், ஒளி நுழையும் துளையை முழுதாக (எஃப்6.3) திறந்தால் இந்த லென்ஸ் சற்று மென்மையாகவே வரைகிறது, துளையைச் சுருக்கி எஃப்8இல் வைத்தால் தெளிகிறது. விடியலில் எஃப்8க்கு வெளிச்சம் போதாது. ஆகவே 6.3ஐ ஏற்றுக்கொண்டு, கேமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவை 1600 வரை உயர்த்தி, நிற்கும் பறவைகளை மட்டும் எடுக்கிறேன். பறப்பவற்றுக்கு எட்டு மணி ஆக வேண்டும்.

ஒன்பதரைக்குக் கானல் எழுந்தது. இந்த லென்ஸைப் பற்றி நான் சொல்ல வேண்டிய முக்கியமான செய்தி இதுதான். சமதரையில் நீரும் சேறும் வெயிலில் காயத் தொடங்கியதும், அறுபது மீட்டருக்கு அப்பால் நிற்கும் உள்ளானின் விளிம்பு நெளிகிறது. ஃபோகஸ் சரியாக இருந்தும் இறகு ஒன்றுகூடப் பிரியாது. இரண்டாம் ஆண்டில் பழுதென்று எண்ணி லென்ஸைச் சரிபார்க்கக் கொடுத்தேன். குறை எதுவுமில்லை என்று திருப்பித் தந்தார்கள். குறை காற்றில் இருந்தது. 800 மி.மீ. வாங்கினாலும் அந்தக் காற்றைத்தான் பெரிதாக்கிப் பார்க்கலாம். தூரத்தை லென்ஸால் வெல்ல நினைத்துக் கூடுதல் பணம் போடப் போகிறவர்கள், முதலில் ஒரு நண்பகல் அங்கே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பறவை அருகில் வருவதற்கு வழி செய்வது தண்ணீர்தான். சாலையோரக் குளத்தில் இரண்டு மூன்று அங்குல நீர் நின்றால் உள்ளான்கள் கரையடிக்கே வந்து மேயும். அரையடி ஏறினாலே நெடுங்கால் உள்ளான்களும் மூக்கன்களும் மட்டுமே மிஞ்சும். 2022 இலையுதிர் காலத்தில் வறட்சியில் சதுப்பு காய்ந்து கிடந்தது. வெடித்த சேற்றின் மேல் ஒரு வட்டம் சுற்றிவிட்டு, பையைத் திறக்காமலே திரும்பினேன். இதற்கு நீர் தரும் வால்நட் ஓடையின் படுகையில் பாசனத்துக்காக நிலத்தடி நீரை இறைத்து இறைத்து ஓட்டம் குறைந்துபோனதால், 1992இல் மாநில அரசே அங்கே இறைப்பைக் கட்டுப்படுத்தி ஆணையிட்டது. விவசாயிகளுக்கு அது கடினமான முடிவு. ஆனாலும் அந்த ஆணை இல்லாமல் என் படத்தொகுப்பில் பாதி இருந்திருக்காது என்றே நம்புகிறேன்.

நண்பகலில் கேமராவை உறையில் வைத்துவிட்டு, 8x42 பைனாகுலரோடு தெற்கே குவிவிரா சரணாலயத்துக்குப் போனேன். அங்குள்ள உப்புத் தரையில் சின்ன ஆலாக்களும் வெளிர்நிற உப்புக்கொத்திகளும் வெறும் மண்ணில் முட்டையிடுகின்றன. தாயை எழுப்பிவிட்டால் முட்டை வெயிலில் வேகும். ஆகவே அங்கே படம் எடுப்பதில்லை என்று வைத்திருக்கிறேன்.

மாலை ஐந்தரைக்குத் திரும்பி, சூரியனை முதுகுக்கு விட்டு நிறுத்தினேன். காற்று ஓய்ந்து கானல் அடங்கியிருந்தது. அன்று ஆழம் குறைந்திருந்த குளத்தில் கோணமூக்கு உள்ளான்கள் தலையை இடவலமாக வீசி மேய்ந்தபடி என்னை நோக்கியே வந்தன. 600இல் தொடங்கி, 450, பிறகு 320 என்று பின்வாங்கினேன். கழுத்தின் செம்மஞ்சளில் ஒவ்வொரு இறகும் எண்ணும்படி விழுந்தது. நிலையான குவியநீள லென்ஸ் வைத்திருந்தால் அந்தப் படம் இல்லை. ஜூமுக்கு நான் தரும் முழு மதிப்பெண் இந்த ஒன்றுக்காகவே.

குறைகளும் உண்டு. ஜூம் நீளும்போது காற்றோடு சரளைச் சாலையின் தூசியையும் உள்ளே இழுக்கிறது. முன் கண்ணாடிக்குப் பின்னால் துகள்கள் தெரிகின்றன, ஜூம் வளையம் 400க்கு அருகே கரகரக்கிறது. இந்தக் கோடையிலேயே சுத்தம் செய்யக் கொடுக்கப் போகிறேன். கனடாவின் வுட் பஃபலோவிலிருந்து டெக்சாஸின் அரான்சாஸ் நோக்கிப் போகும் ஹூப்பிங் கிரேன்கள் என்ற அரிய கொக்குகள் அக்டோபர் இறுதியில் இந்த வழியாகக் கடக்கும். 1941இல் 20க்கும் குறைவாக இருந்த அந்த வலசைக் கூட்டம் இன்று 500ஐத் தாண்டியிருக்கிறது. அவை வருவதற்குள் லென்ஸ் கைக்கு வந்துவிட வேண்டும்.