பூல் பயிற்சிப் பள்ளியில் 32,000 ரூபாயை இழந்தேன். சேரும் எண்ணம் இருந்தால் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று இரவு கண்ணை மூடவே முடியவில்லை. 32,000 ரூபாய். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் 'போகட்டும்' என்று நானே விட்டுவிடுவேன். அடுத்தவர் போய் மாட்டிக்கொள்வார்.

தென்சென்னையில் ஒரு வணிக வளாகத்தின் மாடியில் இருக்கும் பில்லியர்ட்ஸ் கூடம் அது. பெயரை எழுதப் போவதில்லை. வாசலில் 'பயிற்சிப் பள்ளி' என்று பலகை தொங்கும். எங்கள் அலுவலகத்தில் ஒரு பூல் மேசை உண்டு; கியூ என்னும் கோலால் வெள்ளைப் பந்தை அடித்து, மற்றப் பந்துகளை மேசையின் பாக்கெட்டுகளில் விழவைக்கும் ஆட்டம். மூன்று வருடமாக மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆடிவருகிறேன். எட்டுப் பந்து ஆட்டத்தில் என் ஏழு பந்துகளையும் போட்டுவிட்டுக் கறுப்புப் பந்தில் தோற்பது என் வழக்கம்; கறுப்பு விழும், பின்னாலேயே வெள்ளைப் பந்தும் போய் விழும். முறையாகக் கற்றுக்கொண்டால் சரியாகிவிடும் என்று நம்பித்தான் படியேறினேன்.

நான் ஏமாந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மாநில அளவில் ஆடியவர் என்று ஒரு பயிற்சியாளரை அறிமுகம் செய்தார்கள். அவர் அதிகம் பேசவில்லை. காலித் தண்ணீர் பாட்டில் ஒன்றை மேசையில் படுக்க வைத்து, "கியூவின் முனை விளிம்பில் படாமல் பாட்டிலின் வாய்க்குள் போய் வரவேண்டும், செய்யுங்கள்" என்றார். பத்து முறை முயன்றேன், பத்து முறையும் பட்டது. பின்னால் வந்து என் முழங்கையை இரண்டு விரலால் பிடித்து ஒரு அங்குலம் உள்ளே தள்ளினார். கியூ வழுக்கிக்கொண்டு உள்ளே போய்த் திரும்பியது. உடனே நேராக ஒரு பந்தை வைத்து, வெள்ளைப் பந்தின் நடுவுக்குச் சற்றுக் கீழே அடிக்கச் சொன்னார். பந்து பாக்கெட்டில் விழுந்தது, வெள்ளை மோதிய இடத்திலேயே ஆணி அடித்ததுபோல் நின்றது. மூன்று வருடம் வராத அடி மூன்று நிமிடத்தில் வந்துவிட்டது. என் கை நடுங்கியது. அந்த நடுக்கத்தோடேயே கைபேசியை எடுத்துப் பணம் அனுப்பினேன். 24 வகுப்புகளுக்கு 24,000 ரூபாய், 'மாணவர்களுக்கான' கியூவுக்கு 8,000 ரூபாய். மொத்தம் 32,000.

பணம் கட்டுவதற்கு முன் இலவசமாகக் கிடைத்த அந்தப் பத்து நிமிடம்தான் நான் அங்கே பெற்ற உருப்படியான பாடம்.

மூன்றாவது வகுப்போடு பயிற்சியாளர் வருவதை நிறுத்திவிட்டார். முதல் நாள் ஆடிய ஒன்பதடி பூல் மேசையும் கிடைக்கவில்லை. மாலையில் அதை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டால் காசு வரும் அல்லவா? எங்களைக் காலியாகக் கிடந்த, ஸ்னூக்கர் என்னும் வேறொரு ஆட்டத்துக்கான பன்னிரண்டடி மேசைக்குத் தள்ளினார்கள். கேட்டால், "இரண்டும் ஒன்றுதான் சார், இதில் பழகினால் அது சுலபம்" என்றார் மேலாளர். ஒன்றே அல்ல. பூல் பந்து 57 மில்லிமீட்டர், ஸ்னூக்கர் பந்து 52.5. ஸ்னூக்கர் பாக்கெட்டின் வாய் வளைந்திருக்கும், பூலில் வெட்டினாற்போல் இருக்கும். குஷனில், அதாவது மேசையின் ஓரத் தடுப்பில், பந்து பட்டுத் திரும்பும் விதமும் வேறு. பாடத்திட்டத்தில் 'பேங்க் ஷாட்' என்று, பந்தைக் குஷனில் மோதவிட்டுப் பாக்கெட்டில் போடும் அடியை அச்சடித்திருந்தார்கள். அதற்குக் கணக்குப் பார்க்க உதவும் வைரக் குறிகள் பூல் மேசையின் விளிம்பில்தான் இருக்கும். அந்த ஸ்னூக்கர் மேசையில் அவை இல்லை. எதை வைத்துக் கணக்கிடுவது?

கியூ கதை இன்னும் வயிற்றெரிச்சல். அங்கே மேசைகளைக் கவனித்துப் புள்ளி குறிக்கும் வேலை பார்க்கும் வயதான மார்க்கர் ஒருவர், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, "தம்பி, உங்கள் கியூவை மேசையில் உருட்டிப் பாருங்கள்" என்றார். உருட்டினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் முனை துணியைவிட்டு எழும்பி எழும்பி விழுந்தது. வளைந்த கோலுக்கு 8,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பெரியவர் மட்டும் மனிதர்.

பிறகு அலைக்கழிப்பு. "மாஸ்டர் போட்டிக்குப் போயிருக்கிறார், திங்கள்கிழமை வருவார்." திங்கள் போனால், "உங்கள் பேட்ச் மாறிவிட்டது, தகவல் வரவில்லையா?" தகவல் வரவில்லை. வரவேற்பில் இருந்த பெண், "மேலாளரிடம் சொல்கிறேன் சார்" என்று நான்கு முறை சொன்னார். வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக்கோடு விழும், பதில் வராது. கடைசியாக நேற்று உரிமையாளரையே பிடித்தேன். ரசீதைத் திருப்பி, அடியில் எறும்பு அளவு எழுத்தைக் காட்டினார்: கட்டணம் திரும்பத் தரப்படாது. "கல்யாண மண்டபத்துக்குக் கட்டிய முன்பணத்தைத் திருப்பிக் கேட்பீர்களா?" என்று வேறு கேட்டார். மண்டபக்காரர் மண்டபத்தையாவது திறந்துவிடுவார் ஐயா! 24 வகுப்பில் பயிற்சியாளர் வந்தது மூன்று. 32,000 ரூபாய்க்கு மூன்று வகுப்பும் ஒரு கோணல் கோலும்.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுத நினைத்திருந்தேன், இப்போது மனம் ஓடவில்லை. இதை மட்டுமாவது செய்யுங்கள். மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் கட்டாதீர்கள், மாதாமாதம் கட்டுங்கள். எந்த மேசை, எந்தப் பயிற்சியாளர், எத்தனை மணி நேரம் என்று எழுதி வாங்குங்கள். முதல் நாள் அடி நன்றாக விழுந்தால் அன்று பணம் கட்டவே கட்டாதீர்கள், வீட்டுக்குப் போய்விடுங்கள். கியூவை அவர்களிடம் வாங்காதீர்கள். வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் உருட்டிப் பாருங்கள். ரசீதின் அடியையும் படியுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். புகார் எண் வந்திருக்கிறது. இன்று காலை அந்தக் கூடத்திலிருந்தும் ஒரு செய்தி வந்தது. என் கேள்விகளுக்குப் பதில் இல்லை, அடுத்த பேட்ச் சேர்க்கை அறிவிப்பு. படத்தில் அதே மேசை, படுக்க வைத்த தண்ணீர் பாட்டில், யாரோ ஒரு பையனின் முழங்கையைப் பிடித்திருக்கும் இரண்டு விரல்கள்.