கதையின் முக்கியமான நொடியில் கன்ட்ரோலர் யார் கையில்?

1998-இன் கடைசி மாதங்களில் அடுத்தடுத்து இரண்டு கேம்கள் வந்தன. செப்டம்பரில் ஜப்பானில் 'மெட்டல் கியர் சாலிட்', நவம்பரில் அமெரிக்காவிலிருந்து 'ஹாஃப்-லைஃப்'. முதலாவதை உருவாக்கிய ஹிடியோ கொஜிமா சினிமாவை உயிராக நேசிப்பவர். கேமரா கோணம், பின்னணி இசை, நீண்ட வசனம் என்று முழுப் படம் போலவே காட்சிகளை வைத்தார். வால்வ் நிறுவனத்தின் 'ஹாஃப்-லைஃப்' நேர் எதிர்த் திசையில் போனது. கேமரா நாயகன் கோர்டன் ஃப்ரீமேனின் கண்ணை விட்டு வெளியே வருவதே இல்லை. தொடக்கத்தில் அவர் ட்ராமில் ஆய்வுக்கூடத்துக்குள் போகும் அந்தச் சில நிமிடங்களிலும் பெட்டிக்குள் நடக்கலாம், எந்த ஜன்னல் வழியாக வேண்டுமானாலும் பார்க்கலாம்.

பெரிய பட்ஜெட் கேம்கள் பற்றி இன்று ஓயாமல் நடக்கும் வாக்குவாதத்தின் இரண்டு பக்கமும் அந்த ஆண்டிலேயே இருந்தன. ஒரு பக்கம் சினிமா போன்ற கதை, மறுபக்கம் கேம்ப்ளே, அதாவது நம் கையால் ஆடும் ஆட்டம். ஆனால் "இரண்டில் எது முக்கியம்" என்று கேட்பதால் பெரிய பயன் இல்லை என்றே நினைக்கிறேன். கதையின் மிகக் கனமான நொடி வரும்போது கன்ட்ரோலர் யார் கையில் இருக்கிறது என்று கேட்டால்தான் ஒரு கேமை எடைபோட முடிகிறது. சில கேம்களின் முடிவுகளைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2', 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டு பாகங்கள், 'மெட்டல் கியர் சாலிட் 3' ஆகியவற்றை முடிக்காதவர்கள் முடித்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

சினிமாப் பக்கத்தின் சிறந்த உதாரணம் 2018-இல் வந்த 'காட் ஆஃப் வார்'. இறந்த மனைவியின் சாம்பலை மிக உயரமான சிகரத்திலிருந்து தூவுவதற்காக க்ரேட்டோஸும் மகன் அட்ரியஸும் போகும் பயணம். இயக்குநர் கோரி பார்லாக் முழு கேமையும் வெட்டே இல்லாத ஒரே ஷாட்டாக அமைத்தார். கட்-சீனிலிருந்து (நாம் ஆடாமல் பார்க்க மட்டும் செய்யும் காட்சி) சண்டைக்கும் சண்டையிலிருந்து பேச்சுக்கும் கேமரா அறுபடாமல் நகர்கிறது. பாறை இடுக்கில் உடம்பைத் திணித்துக்கொண்டு மெதுவாகப் போகும் இடங்கள் பெரும்பாலும் அடுத்த பகுதி லோடு ஆவதற்கான மறைப்பு என்று தெரிந்தாலும் அந்த ஓட்டம் குலைவதில்லை. கோடரியை எறிந்துவிட்டு ஒரு பட்டனை அழுத்தினால் அது சுழன்று வந்து கையில் அறைகிறது, கன்ட்ரோலர் அதிர்கிறது. அந்த ஒரு செயலை முப்பது மணி நேரம் செய்தும் சலிக்காது.

ஆனாலும் இந்த கேமில் எனக்கு ரொம்பப் பிடித்தது படகுதான். துடுப்பு போடும்போது க்ரேட்டோஸின் இடுப்பில் தொங்கும், மிமிர் என்பவரின் பேசும் தலை பழங்கதை சொல்லிக்கொண்டே வரும். கதை பாதியில் இருக்கும்போது கரையேறினால் நிறுத்திவிடும், திரும்பப் படகில் ஏறியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நாம் எங்கே போகிறோமோ அதற்கு ஏற்பக் கதை காத்திருக்கிறது. மற்ற இடங்களில் சண்டையும் கதையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, படகில் மட்டும் ஒன்றாகிவிடுகின்றன.

மறுபக்கத்துக்கு 2022-இல் வந்த 'எல்டன் ரிங்'. இதில் யாரும் நம்மை உட்கார வைத்துக் கதை சொல்வதில்லை. ராடான் என்ற தளபதியை எடுத்துக்கொள்ளுங்கள். கேலிட் என்ற நிலப்பகுதி முழுக்கச் சிவந்து அழுகிக் கிடக்கிறது. அதன் ஓரத்தில், புத்தி அழிந்து பிணங்களைத் தின்றுகொண்டு அலைகிறான் அவன். அவனுக்கு மரியாதையான சாவு கிடைக்க வேண்டும் என்பதற்காகவே ஒரு திருவிழா கூட்டியிருக்கிறார்கள். மலை போன்ற அந்த உடம்பு ஒரு நோஞ்சான் குதிரையின் மேல் உட்கார்ந்து நம்மை நோக்கிப் பாய்கிறது. முதலில் அந்தக் காட்சி புரியவே புரியாது. அவனைக் கொன்ற பிறகு கிடைக்கும் பொருளின் விவரத்தைப் படித்தால்தான் தெரியும்: இளம் வயதில் அவன் ஈர்ப்பு விசை வித்தையைக் கற்றதே, உடம்பு பெருத்த பிறகும் தன் அன்பான குதிரையைக் கைவிடக் கூடாது என்பதற்காகத்தான். சற்று முன்பு வானத்திலிருந்து எரிகல்லாய் நம்மேல் விழுந்தானே, அந்த வித்தையின் வேர் ஒரு குதிரையின் மேல் இருந்த பாசம். கட்-சீன் ஒன்று முன்கூட்டியே இதைச் சொல்லியிருந்தால் நெகிழ்ந்திருப்பேன், அவ்வளவுதான். கொன்ற கை என்னுடையது என்பதால் அது வலித்தது.

இயக்குநர் ஹிடெடாகா மியாசாகி சிறுவயதில் தன் வாசிப்புக்கு எட்டாத புத்தகங்களை எடுத்துப் படித்து, புரியாத இடங்களைக் கற்பனையால் நிரப்பிக்கொண்டதைப் பற்றிப் பேசியிருக்கிறார். அவருடைய கேம்கள் அந்த நிரப்பும் வேலையை நமக்குக் கொடுக்கின்றன.

இந்த முறைக்கு ஒரு விலை உண்டு. 'எல்டன் ரிங்'கின் துணைக் கதாபாத்திரங்கள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். எங்கே போனார்கள் என்று குறித்துவைக்க கேமில் ஒரு நோட்டு கிடையாது. சந்தித்த ஆட்களை வரைபடத்தில் குறித்துக் காட்டும் வசதியே வெளியீட்டுக்குப் பிறகு, 2022 மார்ச்சில் ஒரு அப்டேட்டில்தான் வந்தது. பாதிக் கதைகள் இணையத்தில் வழிகாட்டி தேடாமல் முடிவதில்லை. அதைவிடப் பெரிய குறை, அந்த உலகத்தில் எனக்கு நெருக்கமான மனிதர் என்று யாரும் இல்லை. எல்லோரும் புராணத்து ஆட்கள். 'ரெட் டெட் 2'-இன் நாயகன் ஆர்தர் மோர்கன் மாதிரி ஒருவனை அங்கே சந்திக்க முடியாது.

'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' (2018) இந்த ஒப்பீட்டின் நடுவில் நிற்கிறது, அதன் மிக நல்ல பக்கமும் மிக மோசமான பக்கமும் ஒரே கேமுக்குள். ஆர்தர் கடன் வசூலிக்கப் போகும் இடத்தில் தாமஸ் டவுன்ஸ் என்ற நோயாளியை அடிக்கிறான், அவர் இவன் முகத்தில் இருமுகிறார். சின்ன வேலை, நாமும் செய்துவிட்டு மறந்துவிடுகிறோம். பல மணி நேரம் கழித்து ஆர்தர் தெருவில் சரிந்து விழுகிறான். காசநோய். அதற்குப் பிறகு அவன் முகம் ஒட்டிப்போகிறது, உடல்நலம் முன்னைவிட வேகமாகக் குறைகிறது, என்ன தின்றாலும் எடை ஏற மறுக்கிறது. இதை ஒரு வசனத்தில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். கேமை உருவாக்கிய ராக்ஸ்டார் அதை நாம் தினமும் பார்க்கும் அளவுகளிலேயே வைத்தது. அந்த உடம்பைக் கவனித்துக்கொண்டதே நாம்தான், அதனால்தான் அவன் நோய் நம்மை இப்படித் தாக்குகிறது.

அதே கேமில் ஒரு மிஷனைத் தொடங்கிவிட்டால் அவ்வளவு சுதந்திரமும் போய்விடும். முன்வாசலில் சண்டை நடக்கும்போது வீட்டைச் சுற்றிப் பின்பக்கமாக வரலாமே என்று யோசித்துக் கொஞ்சம் விலகினால் மிஷன் தோல்வி என்று திரை சொல்கிறது. இந்தப் பாறைக்குப் பின்னால் ஒளி, அந்த ஆளைச் சுடு, இந்தக் குதிரையில் ஏறு. மேற்கு அமெரிக்கா மொத்தத்தையும் கட்டி எழுப்பிவிட்டு, கதை நடக்கும்போது மட்டும் நம்மைக் கயிற்றில் கட்டி இழுக்கிறார்கள். அந்த மிஷன்களில் வரும் வசனமும் நடிப்பும் அருமையானவை என்பதால் வருத்தம் இன்னும் கூடுகிறது.

ஆட்டக்காரரைச் சுதந்திரமாக விட இவ்வளவு பயம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் பணத்திலிருந்து. 2023-இல் அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட் வழக்கில் சோனி கொடுத்த ஆவணங்களில் செலவுக் கணக்குகளை மார்க்கரால் சரியாக மறைக்காமல் விட்டதால் சில எண்கள் வெளியே தெரிந்துவிட்டன. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2'-க்குச் சுமார் 22 கோடி டாலர், 'ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்'டுக்கு 21.2 கோடி. நடிகர்களை, உடல் அசைவைப் பதிவுசெய்யும் மோஷன் கேப்சர் உடையில் நிறுத்திப் பிடித்த ஒரு காட்சியை ஆட்டக்காரர் பார்க்காமலே போய்விடலாம் என்றால் எந்தத் தயாரிப்பாளருக்கும் மனம் ஒப்பாது. ஆகவே வழி தவற விடமாட்டார்கள். 'காட் ஆஃப் வார்: ராக்னராக்'கில் ஒரு புதிரைப் பார்த்து யோசிக்கத் தொடங்கும் முன்பே கூட வருபவர்கள் விடையைச் சொல்லிவிடுவதற்கும் இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. 'எல்டன் ரிங்' இதற்கு நேர்மாறு. அதிகம் பேசப்பட்ட பெரிய எதிரியான மலேனியாவையே, இரண்டு பாதிப் பதக்கங்களைத் தேடிச் சேர்த்தால்தான் திறக்கும் வழிக்கு அப்பால் ஒளித்துவைத்திருக்கிறார்கள். அவளைப் பார்க்காமலே கேமை முடிக்கலாம்.

நின்டெண்டோவின் 'பிரெத் ஆஃப் தி வைல்டு' (2017) பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இடிமழையில் இரும்பு வாளோடு நின்றால் மின்னல் இறங்கும், புல்லில் தீ வைத்தால் எழும் காற்றில் பறக்கலாம். கேம்ப்ளேயில் அதற்கு மேல் நான் எதையும் வைக்கமாட்டேன். கதை மெலிந்தது. 2023-இல் வந்த 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' கதையைக் கூட்டப்போய், நான்கு கோயில்களின் முடிவிலும் ஏறக்குறைய ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டியது.

சரி, கட்-சீனே கூடாதா? கூடும், அதற்கு நல்ல சாட்சி கொஜிமாவே. 2008-இல் வந்த 'மெட்டல் கியர் சாலிட் 4'-இல் முடிவுக் காட்சிகள் மட்டுமே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும், எனக்கு அது தாங்கவில்லை. ஆனால் 2004-இல் வந்த மூன்றாம் பாகத்தில், வெள்ளைப் பூக்கள் நிறைந்த வெளியில் நாயகன் ஸ்நேக்கின் குருவான 'தி பாஸ்' தோற்றுக் கிடக்கிறாள். கட்-சீன் ஓடிக்கொண்டிருக்கிறது, ஸ்நேக் துப்பாக்கியை நீட்டுகிறான், அத்தோடு எல்லாம் நின்றுவிடுகிறது. படம் உறைந்துவிட்டதோ என்று நினைத்தால், அது நமக்காகக் காத்திருக்கிறது. பட்டனை நாம்தான் அழுத்த வேண்டும்.

'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' கேம்களை உருவாக்கிய நாட்டி டாக் இதே இடத்தை இரண்டு முறை தொட்டது. 2013-இல் வந்த முதல் பாகத்தில், ஜோயலாக ஆடும் நாம், அவன் மகள் போல நினைக்கும் எல்லியைத் தூக்கிக்கொண்டு போவதற்காக அறுவை அறையில் நிற்கும் மருத்துவரைக் கொல்லாமல் கதை நகராது. அப்புறம் 2020-இல் வந்த இரண்டாம் பாகத்தில், ஜோயலைக் கொன்றதால் நாம் வெறுக்கும் ஏபியின் உடம்புக்குள் பாதி கேம் முழுக்க நம்மை வைத்தார்கள். அவள் கையால், இருட்டான தியேட்டருக்குள், எல்லியையே நாம் அடிக்க வேண்டியிருக்கிறது. கடைசியில் கடற்கரையில் மெலிந்து நிற்கும் ஏபியை எல்லியாக நின்று வெட்ட வேண்டும். "எனக்கு வேண்டாம், விட்டுவிடு" என்று மனம் சொல்லும்போது திரை பட்டனைக் கேட்கிறது. இந்த இடத்தில் கேம் தோற்றுவிட்டது என்று கோபப்படுபவர்கள் நிறையப் பேர். நான் அப்படி நினைக்கவில்லை. எல்லியால் விட முடியவில்லை என்பதை என் விரல் தெரிந்துகொண்டது.

இதற்கு ஒரு ஆதாரமும் கிடைத்தது. இந்த கேமை வைத்து எடுத்த எச்.பி.ஓ தொலைக்காட்சித் தொடரின் இரண்டாம் சீசன் 2025-இல் வந்தபோது, ஏபி ஜோயலைக் கொன்ற காரணத்தை (இறந்த அந்த மருத்துவர் அவள் அப்பா) தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். கேமில் நாம் அவளாகவே ஓடி ஒளிந்து சண்டை போடுவதால் காரணம் தெரியும் முன்பே அவளோடு ஒட்டிக்கொள்கிறோம். தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு அந்த வழி இல்லை. சினிமா போன்ற கேம் என்று எல்லோரும் சொல்லும் ஒன்றிலேயே, சினிமாவுக்குக் கொண்டுபோக முடியாத பகுதிதான் அதன் உயிர்.

எனவே என் வரிசை இது: முதலில் 'எல்டன் ரிங்', அடுத்து 'லாஸ்ட் ஆஃப் அஸ் 2', அதற்குப் பின் மிஷன்களை மன்னித்து 'ரெட் டெட் 2', பிறகு 'காட் ஆஃப் வார்'. யூடியூபில் யாரோ விளையாடுவதை முழுக்கப் பார்த்தாலே போதும் என்று தோன்றுகிற கேமுக்கு ஐயாயிரம் ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை. 2015-இல் வந்த 'தி ஆர்டர்: 1886' அந்த ரகம், படம் மட்டும் அழகு.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்த வரிசை தலைகீழாகிறது. 'லாஸ்ட் ஆஃப் அஸ் 2'-இல் அறுபதுக்கும் மேற்பட்ட அணுகல் வசதிகள் உண்டு. ஒலிக் குறிப்புகளை மட்டும் நம்பி, பார்வையே இல்லாதவர்களும் அதை முடித்திருக்கிறார்கள். 'எல்டன் ரிங்'கில் கடினத்தைக் குறைக்க ஒரு தேர்வுகூடக் கிடையாது. ராடானின் குதிரையைப் பற்றிய அந்த இரண்டு வரியை, விரல் வேகம் இல்லாதவர்களும் கை நடுங்குபவர்களும் தங்கள் கையாலேயே அடைய வேண்டும் என்று விரும்புகிறேன். 'எல்டன் ரிங்'கை உருவாக்கிய ஃப்ரம்சாஃப்ட்வேர் தன் சண்டைகளில் ஒரு துளியும் குறைக்காமல், தனி அமைப்பாக அதைக் கொடுக்கலாம். கொடுக்க வேண்டும்.