பினாங்கில் ஸ்கூபா பேக்கேஜ் எடுப்பவர்கள் கவனத்துக்கு

ஜோர்ஜ் டவுன் லிட்டில் இந்தியா பக்கம் ஒரு ஏஜென்டிடம், பாயார் தீவில் இரண்டு டைவுக்குத் தம்பிக்குப் பேக்கேஜ் எடுத்தோம். அவனுக்குச் சளி இருப்பதைப் பணம் கட்டும் முன்பே சொன்னேன். "அதெல்லாம் ஒன்னும் பண்ணாது தங்கச்சி, கடல் தண்ணி பட்டா ஓடிடும்" என்றார்.

படகில் ஒரு உடல்நலப் பாரம் (படிவம்) நீட்டினார்கள். ஆஸ்துமா, காது, சைனஸ் என்று எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என நீல மையில் முன்கூட்டியே டிக் அடித்திருந்தது. திருத்தச் சொன்னேன். "நேரமாச்சு, சைன் மட்டும் போடுங்க" என்று அவசரப்படுத்தினார்கள்.

10 மீட்டர் ஆழத்தில் உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு மடங்கு. முதல் சில மீட்டரிலேயே அது செவிப்பறையை உள்ளே தள்ளத் தொடங்கிவிடும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதினால், தொண்டையையும் காதையும் இணைக்கும் குழாய்வழி காற்று போய் நடுக்காதில் அழுத்தம் சமனாகும். சளி இருந்தால் அந்தக் குழாய் அடைத்துக்கொள்ளும். வலித்தால் கொஞ்சம் மேலே வந்து முயல வேண்டும். அப்போதும் காது திறக்காவிட்டால் டைவ் அதோடு சரி.

தம்பி காதைக் காட்டிச் சைகை செய்திருக்கிறான். பயிற்றுநரோ அவன் முதுகுச் சிலிண்டரைப் பிடித்து இன்னும் கீழே இழுத்திருக்கிறார். "டப்புனு சத்தம்க்கா. ஜில்லுனு தண்ணி உள்ள போச்சு, எல்லாம் சுத்துச்சு." செவிப்பறையில் ஓட்டை.

அந்தத் தலைசுற்றலில் பயந்து, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. 10 மீட்டரில் இழுத்த காற்று மேலே வருவதற்குள் இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் கிழிய ஒன்றிரண்டு மீட்டரே போதும். மூச்சை அடக்கக் கூடாது என்பதுதான் முதல் பாடம். படகில் அதைச் சொல்லவே இல்லை. போட்டோ விலையை மட்டும் இரண்டு தடவை சொன்னார்கள்.

அதே பேக்கேஜில் அன்று மாலையே கோலாலம்பூருக்கு விமானம். இரண்டு டைவ் செய்தால் குறைந்தது 18 மணி நேரம் பறக்கக் கூடாது என்பது டைவிங் மருத்துவர்களின் பரிந்துரை. உடம்பில் கரைந்த நைட்ரஜன், அழுத்தம் குறைந்ததும் குமிழாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கலாம். இது தெரியாதவருக்கு டைவிங் வியாபாரம் எதற்கு?

பணத்தைத் திருப்பிக் கேட்டால் அந்தப் பாரத்தைத்தான் காட்டுகிறார்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகிறோம். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான் (ரிங்கிட்), 50,000 வெள்ளி வரை கோரலாம். உடல் காயத்துக்கு அங்கே இழப்பீடு கேட்க முடியாது, அதற்கு நீதிமன்றம்தான். பேக்கேஜ் பணத்தைக் கேட்கலாம். ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, மருத்துவர் அறிக்கை எதையும் அழித்துவிடாதீர்கள்.