காரைக்குடியில் ஓர் அயல்நாட்டுக் கல்லூரி ஆலோசனை மையம்: ஓராண்டு அனுபவம்

மகள் பதினொன்றாம் வகுப்புக்குப் போன ஜூன் மாதம், அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு வழிகாட்டும் ஓர் ஆலோசனை மையத்தில் 85,000 ரூபாய் கட்டி ஓராண்டுக்குச் சேர்த்தோம். காரைக்குடியில் அவர்களுக்கு ஓர் அறை இருக்கிறது. ஆலோசகர் சென்னையிலிருந்து மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் நேரில் வருவார். மற்றபடி காணொலியில்தான் பேச்சு. மையத்தின் பெயரை நான் எழுதவில்லை. அங்கே கண்ட குறைகளை வேறு ஊர்களில் பிள்ளைகளைச் சேர்த்த உறவினர்களும் தத்தம் மையங்களைப் பற்றிச் சொல்கிறார்கள். ஒருவரை மட்டும் சுட்டுவது நியாயமாகாது.

இந்தச் சேவை யாருக்குத் தேவையில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளில் பொறியியல் சேர்வதே நோக்கமென்றால், பொதுக் கலந்தாய்வில் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைக் கொண்டு 200க்குக் கணக்கிடும் கட்-ஆஃப்தான் பேசும். விளையாட்டு ஒதுக்கீட்டில் வருவோர் தவிர மற்றவர்களின் நாட்டியமும் பேச்சுப் போட்டியும் அங்கே கணக்கில் வராது. சென்னை ஐஐடி 2024இல் விளையாட்டுக்கும் அதற்கடுத்த ஆண்டு கலை, பண்பாட்டுக்கும் தனி இடங்கள் திறந்திருக்கிறது. ஆனால் அதற்கும் ஜேஇஇ அட்வான்ஸ்டு தரவரிசையில் இடம்பெற்றாக வேண்டும். ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் படிக்கப்போகும் பாடத்தை ஒட்டிய ஈடுபாட்டையே பெரிதாகக் கேட்கின்றன. பாடத்துக்கு வெளியே பிள்ளை என்ன செய்கிறாள் என்பதற்குத் தனிப் பகுதியே ஒதுக்கிப் படித்துப் பார்ப்பவை பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரிகளும், நம் நாட்டில் அசோகா போன்ற சில தனியார் பல்கலைக்கழகங்களும்தான்.

மையத்தின் உண்மையான பலம் அந்த விண்ணப்பப் படிவத்தை அவர்கள் அறிந்திருக்கும் விதம். பல கல்லூரிகளுக்குப் பொதுவான காமன் ஆப் படிவத்தில் அதிகபட்சம் பத்துச் செயல்பாடுகளை எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் எந்தெந்த வகுப்பில், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுக்கு எத்தனை வாரம் என்று கேட்கிறார்கள். செய்ததை விவரிக்க 150 எழுத்துகள். சொற்கள் அல்ல, இடைவெளியும் சேர்த்து எழுத்துகள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடி தனக்கெனத் தனிப் படிவம் வைத்து நான்கே செயல்பாடுகளைத்தான் கேட்கிறது. பத்து இடத்தையும் நிரப்பியே ஆக வேண்டுமென்று பதறிக்கொண்டிருந்த எங்களுக்கு இந்தச் செய்தி ஒரு நிம்மதி. மகள் பரதநாட்டியத்துக்கு வாரம் பன்னிரண்டு மணி நேரம் என்று எழுதியிருந்தாள். ஆலோசகர் அவளுடைய பள்ளி நேரம், டியூஷன் நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் கூட்டி, வாரத்தில் அவ்வளவு பொழுதே மிஞ்சவில்லை என்று காட்டினார். அது ஐந்தாகக் குறைந்தது. பொய்க்கு இடம் கொடுக்காத அந்த ஒரு மணி நேரத்துக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

அதே மையம் மேசையின் மறுபக்கத்தில் வேறு சரக்கையும் விற்றது. பன்னாட்டு ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டுத் தர 40,000 ரூபாய். மாணவர் பெயரில் ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கித் தர தனிக் கட்டணம். பணம் கட்டினால் எவரையும் சேர்த்துக்கொள்ளும் இரண்டு வாரக் கோடைக்கால முகாமுக்கு இன்னொரு கட்டணம். பதினாறு வயதுப் பிள்ளை அறங்காவலர் ஆவதும், அந்த அறக்கட்டளை விண்ணப்பம் அனுப்பிய மறு மாதமே மூடப்படுவதும் சேர்க்கை அலுவலர்களுக்குத் தெரியாத வித்தையா என்ன? நாங்கள் எதையும் வாங்கவில்லை. அதன்பிறகு எங்கள் குறுஞ்செய்திகளுக்குப் பதில் வருவது தாமதமானதாக எனக்குத் தோன்றியது. அது என் ஐயமாகவும் இருக்கலாம்.

மகளின் விண்ணப்பத்தில் இன்று முதலிடத்தில் இருக்கும் செயல்பாடு மையத்தின் பட்டியலில் இருந்து வரவில்லை. கோட்டையூரில் எங்கள் பூர்வீக வீட்டின் இரண்டாங்கட்டு அறையில், என் பாட்டனார் பர்மாவின் மோல்மேன் நகரில் வட்டிக்கடை வைத்திருந்த காலத்துப் பேரேடுகள் நான்கு கிடந்தன. ஆயுதபூசைக்குப் பெட்டகத்தைத் துடைத்தபோது மகள் ஒன்றைப் பிரித்து, ஒரு பத்தியில் வரிசையாக நின்ற ‘௭’ என்பதை எகரம் என்றே படித்து, யாரோ ஒருவர் பெயரின் முதலெழுத்து என்று முடிவு கட்டினாள். “அது ஏழு ஆத்தா, கணக்கு இலக்கம்” என்று அவளுடைய அப்பத்தா திருத்தினார். அன்று தொடங்கியது. ‘௨௱௫௰’ என்றால் இருநூற்றைம்பது என்றும், கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கும் பின்னங்களில் மாகாணி பதினாறில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று என்றும் ஞாயிறுதோறும் அப்பத்தாவிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு பக்கங்களைப் படமெடுத்து, ஒவ்வொரு வரவையும் செலவையும் இன்றைய எண்களில் ஓர் அட்டவணையில் பதிந்து, வரவு செலவைத் தொகுத்துக் காட்டும் ஐந்தொகை சரியாக வருகிறதா என்று கூட்டிப் பார்க்கத் தொடங்கினாள். இரண்டு இடங்களில் அவள் கூட்டல் தவறு. ஓரிடத்தில் கணக்குப்பிள்ளையின் கூட்டலே தவறு. அன்று இரவு அவள் தூங்கவில்லை.

இதை ஆலோசகரிடம் சொன்னபோது, “வீட்டு வேலையாகத் தெரியுமே, தலைமைப் பண்பு எங்கே வரும்?” என்று தயங்கினார். இதே கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த பழைய நூல்களையும் அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியதையும், அது 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக மலர்ந்ததையும் நான் சொல்ல வேண்டியிருந்தது. செட்டிநாட்டில் அறை எடுத்துத் தொழில் நடத்துபவர் இவ்வூர்ப் பிள்ளைகளிடம் என்ன இருக்கும் என்று ஒரு முறையாவது கேட்டிருக்கலாம் என்பது என் பெரிய மனக்குறை. ஆனால் ஒத்துக்கொண்ட பின் அவர் நன்றாகவே உழைத்தார். “பாரம்பரியத்தின் மீது கொண்ட தீராத ஆர்வத்தால்” என்று தொடங்கிய மகளின் வரியை அடித்துவிட்டு, எத்தனை பேரேடு, எத்தனை பக்கம், எந்த எண்முறை, எத்தனை பிழை கண்டாள் என்பதை மட்டும் ஆங்கிலத்தில் 150 எழுத்துக்குள் அடைக்கச் சொன்னார். ஒன்பது முறை எழுதினாள். கடைசி வடிவம் 148 எழுத்து. அதில் ஓர் அடைமொழிகூட இல்லை.

இன்னொரு குறை பணத்தைப் பற்றியது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி போன்ற சில இடங்களே அயல்நாட்டு மாணவர்களுக்கும் குடும்பத்தின் பண வசதியைப் பார்க்காமல் சேர்க்கையை முடிவு செய்கின்றன. வேறு பல கல்லூரிகளில் உதவித்தொகை கேட்பதே வாய்ப்பைக் குறைக்கக்கூடும். கல்லூரிப் பட்டியல் தயாரிக்கும் முதல் நாளே சொல்ல வேண்டிய இதை, நாங்கள் கேட்ட பிறகு, எட்டாவது மாதத்தில்தான் சொன்னார்கள்.

இரண்டாம் ஆண்டுக்கு முழுக் கட்டணத்தை நாங்கள் கட்டவில்லை. விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டிய 650 சொல் கட்டுரையைத் திருத்துவதற்கு மட்டும் மணிக்கணக்கில் கட்டணம் வாங்குவீர்களா என்று கேட்டபோது, மணிக்கு 1,500 ரூபாய் என்று ஒத்துக்கொண்டார்கள். அச்சிட்ட விலைப்பட்டியலில் அந்த வசதி இல்லை. கேட்பவர்களுக்கு மட்டும் கிடைக்கிறது.